பின் சக்கரத்தை யாரும் அளக்கவில்லை

மாதங்கியின் காரில் ஒரு வருடத்துக்கு மேல் தினமும் வேலைக்குப் போய்வந்தவள் நான். எந்தத் திருப்பத்தில் அவள் எந்தப் பக்கம் பார்ப்பாள், எந்த ஸ்பீட் பிரேக்கருக்கு எவ்வளவு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் "மேடம் ஓட்டுற விதத்துலதான் கோளாறு" என்று ஷோரூமில் ஒருவன் சொன்னபோது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. பளபளவென்று துடைத்து வைத்த தரை. கையில் அவர்கள் கொடுத்த காபி வேறு.

என் பெயர் லூர்துமேரி, சொந்த ஊர் திருச்சி. கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள். மல்லாபூரைத் தாண்டி இருக்கும் ஒரு மத்திய அரசு ஆலையில் நானும் மாதங்கியும் ஒரே பிரிவில் வேலை பார்க்கிறோம். ராணுவத்துக்குப் பாகங்கள் செய்கிற இடம். பட்டறையில் புழங்குகிற மைக்ரோமீட்டர், ஆழமானி, கேஜ் எல்லாம் சரியாகத்தான் அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது எங்கள் வேலை. மாதங்கி இருபத்தேழு வருடமாக அதைச் செய்கிறாள். ஒரு கேஜ் மயிரிழை தவறினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். மேலாளரே வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டாள்.

அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத்தில். அப்பாவும் இதே மாதிரி அரசு நிறுவனத்தில் இருந்தவர். வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், வாசலில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ஆமாமுக்கு "ஹவ்", வேண்டாமுக்கு "நக்கோ" என்று இந்த ஊர் ஹிந்தி. புருஷன் கிருஷ்ணபிரசாத் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். மகன் ஹர்ஷா ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அம்மா தமிழில் கேட்பாள், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான்.

ஆலை பஸ்ஸை நிறுத்திவிட்டபோது மாதங்கிக்கு நாற்பத்தொன்பது வயது. மாரெட்பள்ளியிலிருந்து மல்லாபூருக்கு மெட்ரோ, ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போய் மூட்டு வலி வந்துவிட்டது. அந்த வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். திருமலகிரி ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவை ஃபெயில். காரணம், வண்டியை நகர்த்துவதற்கு முன் மூன்று கண்ணாடிகளையும் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாளாம். இரண்டாம் தடவை பாஸ். லைசென்ஸ் கைக்கு வந்த மாதமே தன் பெயரில் ஒரு கிராஸ்ஓவர் வாங்கினாள். சாம்பல் நிறம், கொஞ்சம் உயரமான வண்டி. "குனிஞ்சு ஏற வேண்டாம், முட்டிக்கு நல்லது" என்றாள். தார்நாகாவில் நான் ஏறிக்கொள்வேன். ஹப்சிகூடா, நாச்சாரம் வழியாக மல்லாபூர். ஐம்பதுக்கு மேல் முள் போனதை நான் பார்த்ததில்லை.

பதினோராயிரம் கிலோமீட்டர் ஆனபோது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு முனகல். தூரத்தில் ஹெலிகாப்டர் பறப்பதைப் போல, வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். வீட்டுத் தெருவில் இருக்கும் பங்ச்சர் கடையில் காட்டினாள். கடைக்காரர் பின் சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவினார், சட்டென்று இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம்.

"அம்மா, உள்பக்கம் கம்பி வெளிய வந்துடுச்சு. இதோடயா இவ்வளவு நாள் ஓட்டினீங்க?" என்று தெலுங்கில் கேட்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போல இருந்தது. உள் ஓரம் மட்டும் யாரோ ரம்பம் போட்டுத் தேய்த்த மாதிரி வழுக்கையாகி, நடுவில் எஃகு இழைகள் துருத்திக்கொண்டிருந்தன. இடது பின் சக்கரம் அப்படி. வலது பின் சக்கரத்தில் கம்பி தெரியவில்லை, ஆனால் அதுவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் ஓட வேண்டிய டயர்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். கிருஷ்ணபிரசாத், ஹர்ஷா, மாதங்கி, கூட நானும். சர்வீஸ் ஆலோசகர் நரஹரி என்று ஒருவர். முப்பது வயது இருக்கும், நெற்றியில் குங்குமம், சிரித்த முகம். வண்டியை உள்ளே கொண்டுபோய், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்து ஒரு தாளோடு வந்தார். தாளை மாதங்கியிடம் கொடுக்கவில்லை, கிருஷ்ணபிரசாத்திடம் நீட்டினார்.

"எல்லாம் பெர்ஃபெக்ட்டா இருக்கு சார். வண்டியில ஒரு குறையும் இல்ல. வழக்கமா யார் ஓட்டுறது?"

"இவதான்" என்றார் கிருஷ்ணபிரசாத்.

நரஹரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. பச்சைக் குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி. "அதான் சார். லேடீஸ் ஓட்டினா இப்படி ஆகும். நிக்கிற வண்டியில ஸ்டீரிங்கை வளைப்பாங்க, பிளாட்பாரத்துல உரசுவாங்க, சடன் பிரேக் போடுவாங்க. மேடத்தைத் தப்பு சொல்லல. பழக்கம்தான்."

"நான் பிளாட்பாரத்துல உரசினதே இல்ல" என்றாள் மாதங்கி.

"உரசறது உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது மேடம்."

கிருஷ்ணபிரசாத் தலையை ஆட்டினார். மெதுவாக, ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இப்போது படித்தவர் ஒருவர் உறுதி செய்துவிட்ட மாதிரி ஆட்டினார். ஹர்ஷா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மா நிற்கிற வண்டியில் ஸ்டீரிங்கைத் திருப்புவது உண்மைதான் என்று இங்கிலீஷில் சொன்னான். நான் வாயைத் திறந்தேன். "நீங்க யாரு மேடம்?" என்றார் நரஹரி. ஃப்ரெண்ட் என்றேன். அதே சிரிப்பு எனக்கும் கிடைத்தது.

பின்னால் இரண்டு புது டயர் போட்டார்கள். வெளியே வந்ததும் கிருஷ்ணபிரசாத் சாவிக்குக் கை நீட்டினார். "கொஞ்ச நாள் நான் ஓட்டறேன். நீ மெட்ரோல போ."

அவள் கொடுத்துவிட்டாள். ஏன் கொடுத்தாய் என்று நான் பிறகு கேட்டேன். "நடுத்தெருவில சண்டை போடச் சொல்றியா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். மெட்டுகூடாவில் மெட்ரோ, ஹப்சிகூடாவில் இறங்கி ஷேர் ஆட்டோ. கார் வீட்டுக்குக் கீழே நிற்கும். கிருஷ்ணபிரசாத் அதில் போய் கறிவேப்பிலை வாங்கிவருவார். ஒருமுறை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய்வந்தார்.

இதைவிடக் கேவலமான ஒன்று நடந்தது. அந்தக் காருக்கு ஃபோனில் ஒரு ஆப் உண்டு. எங்கே போனது, எங்கே திடீரென்று பிரேக் போட்டது எல்லாம் அதில் பதிவாகும். ஹர்ஷா அதை அப்பாவின் ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தான். ஓய்வு பெற்ற மனிதருக்கு நேரம் போக வேண்டுமே. பழைய பயணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"மார்ச் பதினொண்ணு. காத்தால எட்டு இருபது. ஹப்சிகூடா. கடுமையான பிரேக்."

"ஒரு பஸ் குறுக்க வந்தது. மேரியும் இருந்தா, கேளுங்கோ."

"எல்லாருக்கும் ஒரு பஸ் இருக்கும்" என்றார் அவர்.

மறுநாள் மதியம் கேன்டீனில் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. டப்பாவைத் திறந்தாள், தயிர்சாதத்தைப் பார்த்தாள், மூடிவிட்டாள். "அவர் அதைப் படிச்சிண்டே ரசத்தை உறிஞ்சறார் மேரி. அந்தச் சத்தம் காதுலயே நிக்கறது. முப்பது வருஷமா கேக்கற சத்தம்தான். இப்ப குமட்டறது."

அன்று மாலை அவள் செகந்திராபாத் பாரடைஸ் பக்கத்துக் கடை ஒன்றில் டயர் பள்ளத்தின் ஆழம் பார்க்கிற சின்ன டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கினாள். ஆபீஸ் கருவியை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பதில் அவள் கறார். மலிவான சாமான். மறுநாள் அதைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் அளவுக் கட்டைகளோடு வைத்துச் சோதித்தோம். ஏழு மில்லிமீட்டருக்கு ஏழு புள்ளி பூஜ்யம் இரண்டு காட்டியது. "போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பார்க்கிங்கில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் படுத்தாள். ஐம்பது தாண்டியவள், மூட்டு வலிக்காரி. நான் டார்ச் பிடித்தேன், சொல்லச் சொல்ல எழுதினேன். முன் சக்கரங்களில் இருந்தவை வண்டி வாங்கினபோது வந்த பழைய டயர்கள்தான். ஒரு வருடம் அவள் ஓட்டியவை. வெளி ஓரம், நடு, உள் ஓரம், மூன்றிலும் ஒரே அளவு. நூல் பிடித்த மாதிரி தேய்ந்திருந்தன. பின்னால் இருந்த புது டயர் இரண்டும் அவள் தொடவே தொடாதவை. இடது பின் சக்கரத்தில் உள் ஓரம் அதற்குள் ஒரு மில்லிமீட்டர் போயிருந்தது. உள் ஓரத்தில் விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழவழப்பு, எதிர்த் திசையில் ஓட்டினால் ரம்பப் பல்.

மாதங்கி பெட்ஷீட்டிலேயே உட்கார்ந்தாள். முதுகெல்லாம் தூசு.

"ஸ்டீரிங்கை வளைச்சா எந்தச் சக்கரம் தேயும் மேரி?"

"முன் சக்கரம்."

"பிளாட்பாரத்துல உரசினா?"

"வெளிப்பக்கம்."

"எனக்கு இது தெரியாதா? அன்னிக்கே தெரியும். அவன் சொல்லச் சொல்லவே தெரியும். ஆனா இவா ரெண்டு பேரும் தலையாட்டினதைப் பாத்ததும் மூளை மரத்துப்போச்சு."

மேலே போய் கிருஷ்ணபிரசாத்திடம் எண்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆறு வாரமா நீங்கதான் ஓட்டறேள். நீங்க மட்டும்தான்" என்றாள். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீ முன்னாடியே எதையாவது இடிச்சுக் கெடுத்து வெச்சிருப்பே."

அப்போதுதான் அவள் ஷோரூம்காரர்கள் கொடுத்த அலைன்மென்ட் தாளை ஃபைலிலிருந்து எடுத்தாள். அதுவரை அது அவர் வசம் இருந்தது. மேல் பாதியில் முன் சக்கரங்களுக்கு வரிசையாக எண்கள், எல்லாவற்றிலும் பச்சை. கீழ்ப் பாதியில் பின் சக்கரங்களுக்கான கட்டங்கள். ஒன்றில்கூட எண் இல்லை. வெற்றுக் கோடுகள்.

திங்கட்கிழமை காலை சாவியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள். மல்லாபூரில் தொழிற்சாலை பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அலைன்மென்ட் பார்க்கிற கௌஸ் பாய் என்பவரிடம் மதியம் போனோம். நான்கு சக்கரத்துக்கும் தகடு மாட்டி அளந்தார். இடது பின் சக்கரம் நேராக உருளவில்லை. மூக்கை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, அரை டிகிரிக்கு மேல் சாய்வாகத் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது, வாங்கின நாளிலிருந்து. வலது சக்கரத்திலும் அதே கோளாறு, கொஞ்சம் குறைவாக. கௌஸ் பாய் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இடிச்ச அடையாளம் இல்ல. பெயின்ட் அப்படியே இருக்கு. பின்னாடி இருக்கிற அச்சே கோணல், மேடம். செய்யும்போதே கோணல்" என்று ஹிந்தியில் சொன்னார். அச்சடித்த தாளைக் கையெழுத்துப் போட்டு மாதங்கியின் கையில் கொடுத்தார். அதை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

அரை நாள் லீவு போட்டு நேராக ஷோரூமுக்குப் போனோம். நரஹரி வேறொரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்களுடையதும் இதே மாடல், வெள்ளை நிறம். ஒரு கணவன், பக்கத்தில் இளம் மனைவி, இடுப்பில் குழந்தை. நாங்கள் பின்னால் நின்றோம்.

"வழக்கமா யார் ஓட்டுறது சார்?" என்றார் நரஹரி. கணவன் மனைவியைப் பார்த்தான். நரஹரி சிரித்தார். "அதான் சார். லேடீஸ் ஓட்டினா இப்படி ஆகும். நிக்கிற வண்டியில ஸ்டீரிங்கை வளைப்பாங்க..."

அதே வார்த்தைகள். அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் சிரிப்பு. அந்தப் பெண் கூனிக் குறுகிக் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்வது போல இருந்தது. மாதங்கி முன்னால் போனாள். "உங்க வண்டியிலயும் பின் சக்கரம்தான? உள் ஓரம்தான?" என்று அந்தப் பெண்ணிடம் தெலுங்கில் கேட்டாள். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "அப்ப உன் மேல தப்பு இல்லம்மா. பின் சக்கரத்தை அளக்கச் சொல்லு." கணவன் முகம் சுருங்கியது. அவளோ மாதங்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நரஹரி எங்களை அவசரமாக ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். மாதங்கி இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"இந்த மாடல்ல பின் சக்கரத்தை அட்ஜஸ்ட் பண்ண முடியாது மேடம். அதனால அளக்கறது இல்ல."

"சரிபண்ண முடியாதுன்னா அளக்க மாட்டீங்களா? அளக்காமலே பெர்ஃபெக்ட்னு எழுதுவீங்களா?"

நரஹரி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு வண்டி இப்படி வருது மேடம். ஓட்டுற விதம்னு சொல்லச் சொல்லி மேல இருந்து உத்தரவு. ஆம்பளை ஓட்டுற வண்டின்னா சண்டைக்கு வருவாங்க, ரோடு மோசம்னு சொல்லிச் சமாளிப்போம். லேடீஸ் ஓட்டுற வண்டின்னா ரொம்ப ஈசி. வீட்டுல யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க."

மாதங்கி மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "சீ" என்றாள். சத்தமாக இல்லை. அந்த ஒரு எழுத்து நரஹரிக்கு மட்டும் சொன்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். இரண்டு தாள்களையும் டயர் அளவுகளையும் வைத்து அவள் கம்பெனித் தலைமைக்கு எழுதினாள். எங்கள் ஆலையில் தவறிய பாகத்தைத் திருப்பி அனுப்பும்போது எழுதுவோமே, அந்த நடையில் எழுதினாள். ஒரு வசவு இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. மூன்று வாரம் கழித்துக் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்தார், அடியில் புகுந்து அளந்தார், வெளியே வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே "மாத்திக் கொடுத்துடறோம்" என்றார். பின் அச்சு முழுசாக மாறியது. இரண்டு டயரும் கொடுத்தார்கள்.

வண்டியை எடுக்கப் போனபோது ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "பயன்பாட்டினால் ஏற்பட்ட தேய்மானமாக இருந்தபோதிலும், வாடிக்கையாளர் மீதுள்ள நல்லெண்ணத்தின் பேரில்" என்று இருந்தது. மாதங்கி பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையும் அடித்தாள். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "இது செல்லாது மேடம், வேற பிரின்ட் எடுக்கணும்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "எடுங்கோ. வர்ற பிரின்ட்லயும் அடிப்பேன்" என்றாள் இவள். ஒரு மணி நேரம் கழித்து, அந்த வரிகள் இல்லாத கடிதம் வந்தது.

அப்புறம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. டயர் நான்கும் ஒரே சீராக இருக்கின்றன. காரை மாதங்கிதான் ஓட்டுகிறாள். ஆப்பிலிருந்து அப்பாவின் பெயரை நீக்கும்படி ஹர்ஷாவிடம் சொன்னாள். அவன் உடனே நீக்கினான். அன்று ராத்திரி அவள் அறை வாசலில் வந்து நின்று, "சாரி மா" என்றான். அதற்கு மேல் தமிழ் அவனுக்கு வரவில்லை. அவனிடம் அவள் சீக்கிரம் சமாதானமாகிவிட்டாள்.

கிருஷ்ணபிரசாத்திடமிருந்து அப்படி ஒரு "சாரி" வரவில்லை. ஆனால் தீபாவளிக்கு அவர் தங்கை ருக்மிணி வீட்டில் கூடியிருந்தபோது, பத்துப் பேர் நடுவில் கதை சொன்னார். என்னையும் அழைத்திருந்தார்கள், என் காதால் கேட்டேன். "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம். நாங்க விடலையே. அளந்து, எழுதி, கம்பெனிக்காரனையே வரவழைச்சுட்டோம்."

மாதங்கி சமையலறையிலிருந்து முறுக்குத் தட்டோடு வந்தாள். "நீங்க சந்தேகப்பட்டது என்னை" என்றாள். தட்டை நடுவில் வைத்தாள். யாரோ இருமினார்கள். ருக்மிணி, யாருக்கு இன்னும் காபி வேண்டும் என்று கேட்டாள். இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கிருஷ்ணபிரசாத் ஒரு முறுக்கை எடுத்து உடைத்து, நன்றாக வந்திருக்கிறது என்றார்.

என்னை வீட்டில் விட அவள் தனியாகக் காரை எடுத்தாள், அப்போது சொன்னேன். "விட்டுடேன் மாதங்கி. மன்னிச்சுடேன்."

"அவர் கேக்கவே இல்லையே மேரி. கேக்காததை நான் எங்க கொண்டுபோய்க் குடுக்கறது?"

இப்போது அவர்கள் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. சமைக்கிறாள், பரிமாறுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். கோயிலுக்கு அவரைக் காரில் கூட்டிப் போகிறாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "லெஃப்ட்ல ஸ்கூட்டர் வரான் பாரு" என்பார். அவள் கண் சாலையிலேயே இருக்கும். ஆறின காபியில் ஆடை மிதப்பதைப் பார்த்தால் முகம் ஒரு நொடி சுளிக்குமே, அப்படி ஒரு சுளிப்பு அவள் முகத்தில் வந்து போகும். சில நாள் அவர்களோடு போய்ப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கண்ணாடியில் அது தெரியும்.